வைபவமாலை கூறும் அரசர் வழிமுறையும் விரிதாட் கணக்கும்

யாழ்ப்பாண வரலாற்றை ஆராயப் புகுவோர் முதற்கண் எடுத்து நோக்கும் நூல், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையாகும். மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோட்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் எழுந்த இந்நூல், கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டது. இதன்கண் வரும் ஆரியச் சக்கரவர்த்திகள் வழிமுறை எத்துணை நம்பத்தக்கது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்கு இக்காலத்துக் கணனி விரிதாள் பெரிதும் துணைபுரியும். ஓர் அரசனுக்கு ஒரு நிரை வகுத்து, பெயர், அரியணைப் பெயர், தந்தை, ஆட்சித் தொடக்கம், ஆட்சி முடிவு, சான்று என நிரல்களை அமைத்தல் வேண்டும். எக்செல் விரிதாள் 1900ஆம் ஆண்டிற்கு முந்திய திகதியைத் திகதியாகக் கொள்ளாதாகலின், ஆண்டினை வெறும் எண்ணாகவே இடல் தகும். சக ஆண்டாயின் 78 கூட்டிக்கொள்க.

இவ்வாறு நிரப்புங்கால் ஒரு முரண் உடனே புலனாகின்றது. பரராசசேகரன் மைந்தனாகிய சங்கிலியே பறங்கியரிடம் அரசிழந்தான் என்பது வைபவமாலையின் கூற்று. பரராசசேகரன் ஆட்சி 1519இல் முடிவுற்றதென்பர். சங்கிலி மன்னாரிற் கிறித்தவரைக் கொல்வித்தது 1544இல். பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது 1619இல். முன்னைய நிகழ்ச்சியின்போது அவனுக்கு இருபது வயதே எனக் கொள்ளினும், பின்னையதன்போது தொண்ணூற்றைந்தாகும். அன்றியும், 1591இல் போர்த்துக்கேயர் படையெடுத்து அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றினர். இடையே வேற்றரசர் இருந்தமை இதனால் தெளிவு. எனவே, சங்கிலியர் இருவரை நூலாசிரியர் ஒருவராக்கினார் என்பது துணிபு.

எனினும், கழித்தற் கணக்கு முரணைக் காட்டுமேயன்றி உண்மையைக் காட்டாது. முரணைத் தீர்த்தவை போர்த்துக்கேயர் குறிப்புகளே. சான்று என்னும் நிரல் வெறுமையாயின், ஏனைய நிரல்கள் யாவும் அழகிய கோலமாகவே எஞ்சும்.

விரிதாளிற் பெருந்தீங்கொன்றும் உண்டு. ஆண்டு தெரியாத அரசனுக்குத் தலைமுறைக்கு இருபத்தைந்து எனச் சராசரி கணித்து இடுவோர் உளர். கட்டத்தினுள் ஒருமுறை புகுந்த ஊகம், சாசனத்தாற் பெற்ற ஆண்டோடு வேறுபாடின்றி நிற்கும். பின்வருவோர் அதனையே மேற்கோளாகக் கொள்வர். செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் அரியணைப் பெயர்கள் மாறி மாறி வருதலின், பெயரொப்புமை ஒன்றே கொண்டு இரு நிரைகளை ஒன்றாக்குதலும், ஒன்றை இரண்டாக்குதலும் எளிது. புலவர் ஏட்டில் நேர்ந்த பிழையை நாம் கணனியில் மீண்டும் செய்தவராவோம்.

முதலியார் இராசநாயகமும் (1926) சுவாமி ஞானப்பிரகாசரும் (1928) இவ்வழிமுறையைக் கணனியின் துணையின்றியே ஆராய்ந்தனர். அவர்க்குத் துணைநின்றது பல சான்றுகளை அருகருகே வைத்து நோக்கும் பொறுமை. இன்று தம் குடும்ப வழிமுறையை உறுதிகளிலிருந்தும் கோயிற் கணக்குகளிலிருந்தும் தொகுக்கும் மாணவர் அப்பொறுமையையே முதலிற் பயிலல் வேண்டும். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுதல் குறையன்று. அடுத்து வரும் ஆராய்ச்சியாளனுக்கு எஞ்சிய பணி யாதென அதுவே காட்டும். வைபவமாலையின் பிழையை எடுத்துரைத்தல் புலவரை இகழ்தலுமாகாது. அவர் தொகுத்து வைத்திலரேல், ஒப்பிடற்கு ஒரு நிரையும் நமக்குக் கிடைத்திராது.