தெரிந்த பாட்டும் தெரியாத பாட்டும்

பிடித்த பாட்டைத் தனியே கேட்டு மகிழ்வது எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் போதவில்லை. அது இன்னொருவர் காதிலும் விழவேண்டும். அது தன் பாட்டென்று நாலு பேருக்குத் தெரியவேண்டும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு இந்த ஆசைக்கு இடங்கொடுத்து, பாட்டுக் கேட்டு எழுதுவதை ஒரு பெரும் பழக்கமாக்கியது. இன்று வட்ஸ்அப் குழுக்களில் நாம் பாட்டனுப்பிக்கொள்வது அதன் தொடர்ச்சிதான். அந்தப் பழக்கம் நமக்குத் தந்தது அதிகம். ஆனால் அதற்குள் ஒரு குறையும் தொடக்கத்திலேயே இருந்தது. அதைப் பேசாமல் விட்டதால் நம்முடைய பாடகர்கள் சிலரை அவர்கள் உயிரோடிருக்கும்போதே இழந்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

அந்தத் தபாலட்டையை நினைத்துப் பாருங்கள். மேலே நிகழ்ச்சியின் பெயர், அதன்கீழ் பாட்டின் முதலடி, படத்தின் பெயர். மிச்ச இடமெல்லாம் ஆட்களின் பெயர்கள். அம்மம்மா, அம்மப்பா, பெரியம்மா வீட்டார் என்று எழுதிக்கொண்டே போய், அட்டை முடியும் இடத்தில் எழுத்து சிறுத்து ஓரத்தில் மேலேறும். ஒரு மச்சாளின் பெயர் விடுபட்டால் வீட்டில் வழக்கு. பாட்டு மூன்று நிமிடம். அதற்கு முன் பெயர்ப் பட்டியலே நீளும். பாட்டுக்கான நேரத்தைப் பெயர்கள் தின்கின்றன என்று அந்நாளில் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அந்தப் பெயர்களின் பக்கம்தான். மூதூருக்கும் வெருகலுக்கும் நடுவே வயல்களுக்குள் கிடக்கும் கிளிவெட்டியின் பெயர் செய்தியில் வந்தபோதெல்லாம் பெரும்பாலும் துயரத்தோடுதான் வந்தது. நேயர் விருப்பத்தில் மட்டும் அது ஒரு பாட்டோடு வந்தது. யாழ்ப்பாணத்தாரும் மலைநாட்டாரும் கடல் தாண்டித் தமிழகத்தாரும் அந்தப் பெயரைக் கேட்டார்கள்.

வட இந்தியாவிலும் இதே கதைதான். அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த 1950களில் ரசிகர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா 1952இல் தொடங்கியது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்ற மைக்காச் சுரங்க ஊர், பாட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களாலேயே நாடறிந்த ஊரானது.

குறை எங்கே? கேட்டு எழுதுகிறவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான் எழுதமுடியும். அதிகம் பேர் எழுதியது அதிகமாக ஒலிக்கும். அதிகமாக ஒலித்ததையே அடுத்த வாரமும் எழுதுவார்கள். புதிய பாட்டு உள்ளே வருவதற்கு இந்தச் சுற்றில் வாசலே இல்லை. அந்த வாசலைத் திறந்துவிட்டவர்கள் அறிவிப்பாளர்கள். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் போன்றோர் வளர்த்த மரபில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் சொல்லப்பட்டன. பள்ளிக்கூடம் போகாதவரும் கண்ணதாசன் எழுதியது எது, வாலி எழுதியது எது என்று பிரித்துச் சொன்னது அப்படித்தான். ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சி அதற்கும் ஒரு படி மேலே போனது. நேயரே கதை எழுதி, அதற்குள் பாட்டுகளை வைக்கவேண்டும். பிடிக்கும் என்று சொல்வதோடு வேலை முடியாது. ஏன் அந்த இடத்தில் அந்தப் பாட்டு என்று யோசிக்கவேண்டும். ரசிகர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட முறைகளில் இதையே நான் உயர்ந்ததாக வைப்பேன்.

ரெக்கோடிங் பார் காலத்திலும் இப்படியொரு வாசல் இருந்தது. பாட்டுப் பட்டியலைக் கொடுத்து அறுபது நிமிடக் கசெற் அடிக்கச் சொல்வோம். ஒரு பக்கம் ஆறேழு பாட்டோடு நிறைந்து, கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். பட்டியலில் இல்லாத ஒரு பாட்டைக் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு அதில் போட்டுவிடுவார். நாளடைவில் அந்தப் பாட்டுத்தான் நெஞ்சில் நிற்கும். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த சனம், கசெற் பெட்டியைத் தூக்கிக்கொண்டா வந்திருக்கும்? கேட்டு வாங்கிய பாட்டுகளை மறுபடி தேடிக்கொள்ளலாம். கேட்காமல் வந்து சேர்ந்தவற்றின் பெயர்கூடத் தெரியாதே.

கைபேசி வந்தபின் பகிர்வது எளிதாயிற்று. பெயர் சொல்வது நின்றுபோயிற்று. இப்போது ஒரு பாடகரை நாம் அறிந்துகொள்வதே அவர் இறந்த அன்றுதான். ஜெயச்சந்திரன் பாடியதை ஜேசுதாஸ் பாடியதென்று நம்பிக் கேட்டுவந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். 2025 ஜனவரி 9 அன்று ஜெயச்சந்திரன் மறைந்தபின் வந்த பட்டியல்களைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டோம். பவதாரிணி 2024 ஜனவரியில் கொழும்பில் காலமானபோதும், ‘பாரதி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர் அவர் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. எஸ்.பி.பி.க்கு எல்லோரும் சேர்ந்து அழுததில் உண்மை இருந்தது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இரங்கலாக அனுப்புவதும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த அதே நாலு பாட்டுத்தான்.

இந்தச் சுற்றில் அதிகம் அடிபட்டது ஈழத்துப் பாட்டு. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் இசையால் இந்த மண்ணையே ஆடவைத்தவர்கள். 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் இறந்தபோது, குழுக்களில் ‘சுராங்கனி’யைத் தவிர வேறெதுவும் சுற்றிவந்ததாக நினைவில்லை. திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களுக்கு அதுவும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த திரைப்பாட்டோடு தபாலட்டை எண்ணிக்கையில் போட்டியிட இவர்களால் எப்படி முடியும்? வானொலி மெல்லிசைக்குத் தனி நேரம் ஒதுக்கியது. நேயர்களாகிய நாம் அதைக் கேட்டு எழுதவில்லை.

அண்மையில் எங்கள் குழுவில் பரமேஷ் பாடிய ஒன்றைப் போட்டேன். “இது என்ன படம் அண்ண?” என்று ஒரு தம்பி கேட்டான். படமில்லை, நம்முடைய திருகோணமலைக்காரர் பாடியது, இசைத்தட்டாக வந்தது என்று குரற்பதிவில் விளக்கமாகச் சொன்னேன். “இன்னும் இருந்தாப் போடுங்க அண்ண” என்று அன்றிரவே கேட்டான்.