தறி இறங்கிய பிறகு

"அண்ணை, உங்கட ஊரில வில்லங்கச் சான்றிதழைத்தான் பாக்கினம், வீட்டைப் பாக்கிறேல்லை." மகளுக்குக் கூறை எடுக்க ஆரணிக்கு வந்த யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர், சேலையை விரித்து முந்தானையைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார். பத்திரம் எழுதியே பிழைப்பை ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா? சாப்பாடு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன், பிறகு விவரம் கேட்டேன்.

இலங்கையில் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டால்தான் காணி விற்பனை செல்லும். 1840-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பணம் எப்படிக் கைமாறியது என்பதையும் நொத்தாரிசே உறுதியில், அதாவது பத்திரத்தில், அத்தாட்சிப்படுத்துவார். காணிப் பதிவகத்துக்கு உறுதி போவது அதற்குப் பிறகு. ஆகவே கையெழுத்துக்கு முந்தி ஒருக்கால் வீட்டைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்தான், மறுக்கவில்லை. முத்திரை வரியும் அங்கே குறைவு: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4. நமக்குப் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்தால் 9.

ஆனால் போய் எதைப் பார்க்கிறார்கள்? கேட்கக் கேட்கப் புரிந்தது. விற்பவர் டொரொண்டோவிலோ லண்டனிலோ இருப்பார், அற்றோணி, அதாவது பவர் பத்திரம், வைத்திருப்பவர் கையெழுத்துப் போடுவார். வீட்டில் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும். பத்து வருஷம் எதிரிடையாக ஆண்டால் உரிமை கோரலாம் என்கிறது 1871-ஆம் ஆண்டுச் சட்டம். போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016-இல் விசேஷச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்த மண் பட்ட பாட்டுக்கு, உள்ளே யார் இருக்கிறார் என்று பார்ப்பது நியாயம். அதையே சுவரையும் கூரையையும் சோதிப்பதாக எங்களிடம் அளக்கக் கூடாது.

சுவரைப் பார்ப்பது என்றால் எங்கள் ஆரணியின் கொசப்பாளையத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் வர வேண்டும். நெசவாளி வீட்டில் கூடத்தின் பாதியைக் குழித்தறி பிடித்திருக்கும். பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏறியிருக்கும்வரை காலி செய்யச் சொல்ல முடியாது. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தது. மிச்சமுள்ள சேலைகளை நெய்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. எனவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே வாங்குகிறவர் கேட்பது, "பாவு எப்போ முடியும்?" சட்டத்தில் இந்தக் கேள்வி இல்லை, தெருவில் இருக்கிறது.

தறி வீட்டுக்குள் இருக்கும்போது பார்ப்பது பார்வையே இல்லை. இழை காய்ந்தால் அறும் என்று ஈரத்தை விரும்புகிற தொழில் இது. அந்த ஈரம் வருஷக்கணக்காகச் சுவரடியில் ஏறியிருக்கும். கட்டைகளைப் பிரித்து வெளியே எடுத்த மறுநாள் குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். மண் சரிந்திருக்கிறதா, அடியில் கசிவு இருக்கிறதா, தறிக்கயிறு கட்டியிருந்த உத்தரத்தில் கரையான் கோடு போட்டிருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வாய்த்தால் உத்தமம். கமண்டல நாகநதி ஓரத்தில் அடைமழைக்குக் குழியில் தண்ணீர் நிற்கும் வீடுகள் உண்டு. சித்திரையில் பார்த்தவருக்கு அது தெரியாது. மின் இணைப்பையும் அன்றே கேட்டுவிட வேண்டும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், தறி போனால் அதுவும் போகும்.

பார்க்கும் நாளைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பத்திரப்பதிவுக்கு 11 மணி டோக்கன் என்றால் காலை 7 மணிக்குப் போய்ப் பார்ப்பார்கள். அதற்குள் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியாயிற்று. ராகு காலம் பார்த்து நேரம் குறித்தாயிற்று. வெடிப்பைக் கண்டாலும் யார் பின்வாங்குவார்? தறி இறங்கிய பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். பதிவன்று காலையில் போவது சாவியை எண்ணி வாங்கத்தான். பதிவுத்துறையும் கட்டடத்தைப் பார்க்கக் களப்பணிக்கு வருகிறதே என்பார்கள். அது பதிவுக்குப் பிறகு. அவர்கள் தேடுவது தீர்வையில் விழுந்த துண்டை, கரையானை அல்ல.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆனியில் பதிந்து ஆவணியில் காலி செய்வதும் நடக்கிறது. பத்திரத்தில் இன்றே சுவாதீனம் ஒப்படைத்தாயிற்று என்று எழுதியிருக்கும், உள்ளே தறி அடித்துக்கொண்டிருக்கும். ஒப்பந்தம் முதல் ஒப்படைக்கும்வரை விவேகமுள்ள உடைமையாளர் மாதிரி சொத்தைக் காக்க வேண்டியது விற்பவர் கடமை என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. அப்படிக் காத்து ஒப்படைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம், போகும்போது திண்ணையைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டுப் போனவர்கள்கூட. யாழ்ப்பாணத்தில் போடுவார்களோ என்னவோ.

ஒன்றை மட்டும் யாழ்ப்பாணத்தவரிடம் எடுத்துக்கொள்வேன். உறவினர் காட்டிய உறுதியில் காணிக்கு ஒரு பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லை, அதோடு கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் யார் பக்கம் போகிறது என்பதுவரை எழுதியிருந்தது. பார்க்கப் போகிறவர் கையில் அந்தக் காகிதத்தோடு கிணற்றடியில் நின்று சரிபார்க்கலாம். எங்கள் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அது பொதுச்சுவரா, தனிச்சுவரா என்று நாலு எல்லை சொல்லும் செக்குபந்தியில் எழுதாமல் விட்ட பத்திரங்கள் நிறைய உண்டு. தறி இறக்குகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி, உத்தரம் யார் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டு, பதிலைப் பத்திரத்தில் ஏற்றிவிடுங்கள்.