கட்டின் மேல் எழுதிய பெயர்

கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பக்கமிருந்து விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிப் போகிற வீதியைப் பழைய ஆட்கள் இன்னும் ‘கிரீன் பாத்’ என்றுதான் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது ஆனந்த குமாரசாமி மாவத்தை. பொருத்தமான பெயர்தான். சேர் முத்துக் குமாரசாமிக்கும் எலிசபெத் பீபிக்கும் மகனாக 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி அவர் பிறந்தது இதே கொள்ளுப்பிட்டியில். இரண்டு வயது நிறையமுன் தகப்பன் காலமாகிவிட, தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்தார். 1903இல் கனிப்பொருள் அளவைப் பணிக்காக இலங்கைக்குத் திரும்பினார். திரும்பியபோது கூடவே மனைவி எத்தல் மேரியும் வந்தார்.

வீதிக்கு ஒரு பெயர் போதும். ஒரு தம்பதியின் தாள்கட்டுக்கும் ஒரு பெயர் போதுமா என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதுகிற கணவனும் எழுதுகிற மனைவியும் ஒரே வீட்டில் சேர்த்துவைத்த கடிதம், நாட்குறிப்பு, கையெழுத்துப்படி, படம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, பேர்பெற்றவரின் பெயரை மேலே எழுதி நூலகத்துக்குக் கொடுப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். அந்த வழக்கத்தால் பிழைத்த தாள்கள் ஏராளம். அதனாலேயே காணாமற்போன ஆட்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க குமாரசாமியின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் நம் ஊர்ப் பக்கத்தில் கிடைக்காது. அவர் நான்கு முறை மணம் செய்தவர். நான்கு மனைவியரும் ஏதோ ஒரு கலையில் கைதேர்ந்தவர்கள்.

எத்தலிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் பார்ன்ஸ்டபிளைச் சேர்ந்த எத்தல் பாட்ரிட்ஜ் 1902இல் குமாரசாமியை மணந்தார். மலைநாட்டில் கணவர் கல்லையும் கனியத்தையும் தேடிப் போன ஊர்களிலெல்லாம் இருவரும் பாய் பின்னுகிறவர்களையும் தட்டார்களையும் நெசவாளர்களையும் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அதன் பலன் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல். இங்கிலாந்துக்குத் திரும்பி புரோட் கம்ப்டனில் நோர்மன் சப்பல் என்ற தம் வீட்டிலேயே கையச்சில் 425 பிரதிகள் அடித்தார்கள். 1907 செப்ரெம்பரில் தொடங்கிய அச்சுவேலை 1908 டிசெம்பரில்தான் முடிந்தது. வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் ஓடிய அச்சுப்பொறி அது என்பதைக் கலைவரலாற்றுக்காரர் யாரும் சொல்லாமல் விடுவதில்லை.

நூலின் முகப்புத்தாளை நின்று பார்க்க வேண்டும். தலைப்பு, அதன்கீழே பதினெட்டாம் நூற்றாண்டுவரை எஞ்சிய கைவினைகளும் சமூக அமைப்பும் கைவினைஞரின் நிலையும் பற்றிய ஆய்வு என்று சொல்லும் நீண்ட துணைத்தலைப்பு, பிறகு ஆசிரியர் பெயர். ஒரே பெயர். எழுத்து அவருடையது, சரி. படங்கள் எத்தலுடையவை. கைவினை பற்றிய நூலில் படம் ஓரத்து அலங்காரமாக வருவதில்லை. எந்தத் தையல் எங்கே திரும்புகிறது, பாயின் ஓரம் எப்படி மடிகிறது என்பதை வாசகருக்குக் காட்டுவது படம்தான். அந்தக் கைவினைகளில் பல பிறகு அருகிப்போனதால், இன்று ஆய்வாளர் பலர் அந்த நூலைத் திறப்பதே படத்துக்காகத்தான். உரையோடு சண்டை பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். படத்தோடு பிடிக்க முடியாது.

இதற்குக் குமாரசாமியின் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கலாம். மரபுக் கலைஞன் தன் படைப்பில் கையொப்பம் இடுவதில்லை, பெயரற்றிருப்பதே அவனுடைய பெருமை என்று வாழ்நாள் முழுவதும் எழுதியவர் அவர். ஆனால் பெயரற்ற நிலை என்றால் ஒருவருக்கும் பெயர் இருக்கக்கூடாது. இருவர் செய்த வேலையில் ஒரு பெயர் மட்டும் அச்சேறுவதற்கு மரபு என்று பெயர் வைக்க முடியாது. அது அந்தக் காலத்துப் புத்தகத் தொழிலின் சாதாரணப் பழக்கம், அவ்வளவே. அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. 1913இல் லண்டனில் வெளிவந்த ‘பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பது’ என்ற நூலில் பாடல்களைப் பதிவுசெய்தவராக இரண்டாம் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது. முன்னுரையும் மொழிபெயர்ப்பும் குமாரசாமி, அணிந்துரை தாகூர். ஆகவே பெயரை எப்படிப் பகிர்வதென்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நூலில் இருக்கும் பெயர் ரத்தன் தேவி. இயற்பெயர் அலிஸ் றிச்சட்சன். இங்கிலாந்துப் பெண், இந்திய இசை கற்று மேடையில் பாடியவர். நான்காம் மனைவி லூயிசா, ஆர்ஜென்ரீனாக்காரர், படப்பிடிப்பாளராகத் தொழில் செய்தபோது வைத்துக்கொண்ட பெயர் ஸ்லாட்டா லாமாஸ். இருவருடைய தனிவேலையும் கணவரின் வேலைக்குள் கரைந்துவிடாமல் நிற்பதற்கு இந்தப் புனைபெயர்களும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. திருமதி குமாரசாமி என்று மட்டும் இருந்திருந்தால் பட்டியலாளர் யோசிக்காமல் கணவரின் கட்டுக்குள் வைத்திருப்பார். எத்தலுக்கு அப்படியொரு கவசம் அந்நாளில் இருக்கவில்லை.

இனித் தாள்கள். 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் நீடம் என்ற ஊரில் குமாரசாமி காலமானார். அதன்பின் அவருடைய எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் காத்தவர் லூயிசா. குமாரசாமியின் தாள்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அங்கேயே இன்னொரு தொகுதியும் உண்டு. மூன்றாம் மனைவி, நடனக்கலைஞரும் ஓவியருமான ஸ்டெல்லா பிளொக்கினுடையது. அதன் தலைப்பு இப்படிப் போகிறது: ‘ஆனந்த குமாரசாமி தொடர்பான ஸ்டெல்லா பிளொக் தாள்கள்’. பெயர் அவளுடையது, பொருள் அவருடையது. கிழக்கு, மேற்கு நடனம் பற்றி 1922இல் தன் பெயரிலேயே ஒரு நூல் எழுதியவள், மணமுறிவுக்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்குமேல் தன் வழியில் வாழ்ந்து 1999இல் மறைந்தவள், நூலகப் பட்டியலில் ஒரு ‘தொடர்பான’ என்ற சொல்லுக்குள் நிற்கிறாள். ஆனாலும் இந்த ஏற்பாட்டை நான் பாராட்டத்தான் செய்வேன். இரண்டு கட்டுகள், இரண்டு பெயர்கள், ஒரே கூரை. ஒன்றைக் கேட்டு வருகிறவர் மற்றதையும் கேட்கலாம்.

எத்தலின் கதை வேறு மாதிரி. குமாரசாமியைப் பிரிந்து 1913இல் பிலிப் மேரே என்பவரை மணந்தார். டிச்லிங் என்ற ஊரில் நெசவுக்கூடம் நடத்தினார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் கைத்தறிக்கு மறுபிறவி கொடுத்தவர் என்ற பெயரோடு 1952இல் மறைந்தார். அவருடைய ஆவணங்கள் பார்னமில் உள்ள கைவினை ஆய்வு மையத்தில் இருக்கின்றன, எத்தல் மேரே என்ற பெயரில். நெசவாளராகப் பேர் எடுத்ததால்தான் அவருடைய தாள்கள் பிழைத்தன. அதே காரணத்தால் கண்டி நாட்டு வேலை அவருடைய வாழ்க்கையின் முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. கொழும்பிலிருந்து தேடுகிற மாணவி ‘மேரே’ என்று தேடுவாளா? குமாரசாமி என்று தேடுவாள். அவள் கையில் முதலில் அகப்படுவது கணவரின் பக்கம். சேர்த்துக் கட்டினால் ஒருவர் மறைகிறார், பிரித்துக் கட்டினால் இருவருக்கும் நடுவில் நடந்த வேலை மறைகிறது.

குமாரசாமியே இந்தப் பேச்சை விரும்பியிருக்கமாட்டார். மலேசியாவில் வாழ்ந்த எஸ். துரைராஜசிங்கம் அவருடைய வாழ்க்கையை எழுதக் கேட்டபோது, தன்னைப் பற்றிய சொந்த விபரங்களில் தனக்கு அக்கறையில்லை, அது வீண் ஆவலுக்குத் தீனி போடுவது என்று மறுத்து எழுதினார். துரைராஜசிங்கம் விடவில்லை. பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கடிதம் போட்டுத் தகவல் திரட்டி, 1974இல் ஒரு பெருந்தொகுப்பாகவே போட்டார். ஆய்வு ஒழுங்கு குறைவு, கூறியது கூறல் நிறைய. ஆனால் மனிதர்களின் நினைவு உயிரோடிருக்கும்போதே பிடித்துவைத்த வேலை அது. 1977இல் வந்த ரொஜர் லிப்சியின் வாழ்க்கை வரலாறு ஒழுங்கானது. மகன் ராமா குமாரசாமியும் அல்வின் மூரும் 1988இல் பதிப்பித்த தேர்ந்தெடுத்த கடிதங்களில் தத்துவம் உண்டு, சமயம் உண்டு, கலை உண்டு. வீடு அருந்தலாகத்தான் வருகிறது. தந்தையின் விருப்பத்தை மகன் மதித்திருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் தன் வாழ்க்கையைப் பேசாதே என்று சொல்கிற உரிமை ஒருவருக்கு உண்டென்றால், அதே வாழ்க்கைக்குள் வேலை செய்த இன்னொருவரின் வாழ்க்கையையும் சேர்த்து மூடுகிற உரிமை அதற்குள் அடங்குமா? அடங்காது என்பதே என் கட்சி.

குமாரசாமி இலங்கையில் வேலை செய்த அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு அரச உத்தியோகத்தராக வந்த லெனாட் வூல்பின் வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே பேர்பெற்றவர் மனைவி. வெர்ஜீனியாவின் நாட்குறிப்புகளை லெனாட் காப்பாற்றினார். 1953இல் எழுத்துத் தொழில் சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டும் தேர்ந்து ஒரு நூலாக்கினார். முழு நாட்குறிப்பு ஐந்து தொகுதிகளாக வந்தது 1977க்கும் 1984க்கும் இடையில், ஆன் ஒலிவியர் பெல்லின் பதிப்பில். அவருடைய கணவர் குவென்ரின் பெல்தான் வெர்ஜீனியாவின் வரலாற்றை எழுதியவர். ஒரு தம்பதியின் தாளை இன்னொரு தம்பதி பிரித்துப் படித்த கதை. பேர் யாருடையதாக இருந்தாலும், உயிரோடு மிஞ்சுகிறவரின் கையில்தான் கத்தரிக்கோல் இருக்கிறது என்பதற்கு வூல்ப் வீடு சாட்சி.

தமிழில் புதுமைப்பித்தன் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாகியிருக்கின்றன. கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். கணவரின் கடிதத்தைப் பத்திரப்படுத்தியது மனைவி. அந்தக் கடிதங்களில் பல, அவள் எழுதியதற்குப் பதில். அவள் எழுதியது என்ன என்பதை அவனுடைய பதிலிலிருந்து ஊகிக்கவேண்டியிருக்கிறது. அந்த நூலை எத்தனையோ பேர் உருகி உருகிப் படித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற தொலைபேசிப் பேச்சு மாதிரி அது என்பதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொழும்பிலேயே வாழ்ந்த நா. சோமகாந்தன், பத்மா சோமகாந்தன் தம்பதியின் நிலை கொஞ்சம் மேல். அவர் ஈழத்துச் சோமு, இவர் புதுமைப்பிரியை. இரண்டு புனைபெயர், இரண்டு நூல்வரிசை. அவருடைய ‘ஆகுதி’யையும் இவருடைய ‘கடவுளின் பூக்க’ளையும் யாரும் மாற்றிப் போடமுடியாது. அச்சில் வந்தவரை சிக்கல் இல்லை. அச்சில் வராதவைதான் எல்லா வீட்டிலும் பிரச்சினை.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இந்தப் பிரச்சினைக்குச் சதுர அடிக் கணக்கும் உண்டு. எழுத்தாளர் போனதும் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் அடிப்பார்கள். அவருடைய நூல்களின் பட்டியல் வரும், சங்கங்களின் அனுதாபம் வரும். ‘அவருடைய வெற்றிக்குத் துணைநின்ற மனைவி’ என்று ஒரு வரியும் வரும், அந்த மனைவி பத்து வருடம் அவருக்குப் படியெடுத்துத் திருத்தியவராக இருந்தாலும். பிள்ளைகள் வெளிநாட்டில். ஐயாவின் கொப்பிகள் அலுமாரிக்குள் இருக்கும், அம்மாவின் கொப்பிகள் கடைக்கணக்கோடு கலந்து றங்குப்பெட்டிக்குள் இருக்கும். வீட்டை விற்கிற நேரம் அலுமாரி யாராவது பேராசிரியரிடம் போகும். பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மின்வருடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இல்லாவிட்டால் ஈழத்து அச்செழுத்தின் கதியும் இதுதான். ஆனால் கையெழுத்தைக் கொண்டுவந்து கொடுக்க வீட்டார் முதலில் அதைக் கையெழுத்தென்று நினைக்கவேண்டும்.

கட்டைப் பிரிக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஒன்றாக இருக்கட்டும். பட்டியல் மட்டும் ஆளின் பேரில் தொடங்காமல் வேலையின் பேரில் தொடங்கட்டும்: இந்த நூல், இதன் உரை இன்னார், படம் இன்னார், படி எடுத்தவர் இன்னார், ஓரத்துப் பென்சில் திருத்தம் யாருடைய கை. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நூலகத்துக்குக் கொடுப்பது பிறகு நடக்கலாம். இந்தக் கை அம்மாவுடையதா ஐயாவுடையதா என்று அவர்களைக் கேட்டு ஒவ்வொரு கொப்பியின் பின்பக்கத்திலும் எழுதிவைக்கிற வேலைக்கு அந்தத் தவணை இல்லை.