ஹாட்ரிக்: பயிற்சியும் வீரர் விற்பனையும்

ஹாட்ரிக் என்பது 1997இல் சுவீடனில் தொடங்கப்பட்ட இணையவழிக் கால்பந்து மேலாண்மை விளையாட்டு. இதில் ஓர் அணி ஒரு வாரத்தில் ஒரு முதன்மைத் திறனையே பயிற்றுவிக்க முடியும். அதற்குரிய இடத்தில் ஆடியவர்களுக்கே முழுப் பயன் கிடைக்கும். எனவே மற்ற இடங்களுக்கு வேண்டிய வீரர்களை ஏலத்தில் வாங்கவேண்டும். அதற்கான பணம் பெரும்பாலும், வளர்த்த வீரர்களை விற்றே வருகிறது. வாங்கிய வீரரை உடனே விற்றால் முகவர் கட்டணம் கூடுதல். இவ்விதி வெறும் கைமாற்று வணிகத்தைக் கட்டுப்படுத்திப் பொறுமைக்கு மதிப்பளிப்பது விளையாட்டின் சிறப்பு.

குறையும் உண்டு. வயது ஏற ஏற வளர்ச்சி மந்தமாகி, வீரரின் விலையும் சரியும். அதனால் பற்றுக்கொண்டு வளர்த்தவரை இறுதிவரை வைத்திருப்பவர் இழப்படைகிறார். தக்க நேரத்தில் விற்பவரே முன்னேறுகிறார். பயிற்சி அணியைக் கட்டுவதற்கா, சரக்கை உருவாக்குவதற்கா என்ற கேள்விக்கு விதிகள் பின்னதையே விடையாகத் தருகின்றன.