பட்டாம்பூச்சித் தோட்டம்: உள்ளூர்ச் செடிகளின் பலமும் வரம்பும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தை அடுத்து 2015இல் திறக்கப்பட்ட வனத்துறையின் பட்டாம்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கர் பரப்புள்ளது. வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் அமைபவை சில தொட்டிகளோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அந்தந்த மண்ணின் செடிகளை வளர்த்தால் அவற்றை நம்பி வாழும் உயிர்களும் வந்து சேரும்.

இம்முறையின் பலம் இலையில் இருக்கிறது. பட்டாம்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும்; அதன் புழுவுக்கோ குறிப்பிட்ட சில செடிகளின் இலைதான் உணவு. எலுமிச்சை அழகி கறிவேப்பிலையிலும் நாரத்தையிலும் முட்டையிடுகிறது. வெந்தய வரியனுக்கு எருக்கும், ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளையும் வேண்டும். இவ்விரண்டும் செடியின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றை ஒதுக்குகின்றன. நஞ்சற்ற புழுக்கள் தையல்சிட்டின் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. காகிதப்பூவும் குரோட்டன்ஸும் மட்டும் நிறைந்த தோட்டத்தில் இந்தச் சங்கிலி தொடங்குவது அரிது.

குறைகளில் முதலாவது அளவுகோல் பற்றியது. உண்ணிச்செடியின் பூக்களில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அச்செடியின் விதையைப் பறவைகள் பரப்ப, முதுமலை போன்ற காடுகளில் அது பிற செடிகளை நெருக்கி அழிக்கிறது. எனவே, கண்ணில் படும் பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கை தோட்டத்தின் தரத்துக்குச் சான்றாகாது. அதேபோல், இந்தியச் செடி என்பதாலேயே ஒன்று எல்லா ஊருக்கும் உரியதாகிவிடாது. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காட்டு உயிர். அதன் உணவு மரத்தைச் சென்னையில் நட்டாலும் அது வருவதற்கில்லை.

இரண்டாவது, பராமரிப்பு. நாற்றங்காலில் பூச்சிமருந்து அடித்த கன்றை வாங்கி நட்டால் அதை உண்ணும் புழு சாகும். பறவைகளுக்கு வைக்கும் தண்ணீரை மாற்றாவிட்டால் ஏடிஸ் கொசு பெருகும். தானாக முளைத்த தும்பையையும் நாயுருவியையும் களையென்று பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதும் வழக்கமாகிறது. அவையே தேன் தரும் உள்ளூர்ச் செடிகள்.

மூன்றாவது, பரப்பு. மனிதக் குடியிருப்பை ஒட்டி வாழப் பழகிய இனங்களுக்கே சிறு தோட்டம் உதவும். காட்டின் நிழலும் ஈரமும் தேவைப்படும் இனங்களுக்கு அது மாற்றாகாது.

ஆகவே, ஊருக்குப் பொருந்தும் செடி, மருந்தில்லாத வளர்ப்பு, புழு தின்ற இலையைச் சகித்துக்கொள்ளும் மனம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இம்முறை பயன் தரும். இருக்கும் புதர்க்காட்டையும் ஓடைக்கரையையும் காக்கும் பணிக்கு அது துணையாகலாம். அவற்றை அழித்ததற்கு ஈடாகாது.