அடியைத் திருப்பிப் பாருங்கள்

'அவன் பெரிய எம்டன்டா!' என்று யாரையாவது சொல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? 1914 செப்டம்பர் 22 இரவு, ஃபான் முல்லர் என்ற ஜெர்மன் கேப்டன் 'எம்டன்' கப்பலில் வந்து, மெட்ராஸ் மேல் நூற்றுச் சொச்சம் குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனார். அந்தக் கப்பலை அதே வருடம் நவம்பர் 9-ம் தேதி ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' முடித்துவிட்டது. ஆனால், எம்டன் போட்ட குண்டுகள் மட்டும் இன்றைக்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன!

சின்னமனூரில் தெரிந்தவர் வீட்டு ஷோகேஸில் ஒன்று இருந்தது. ஒரு அடி உயரப் பித்தளைக் குவளை. உள்ளே பிளாஸ்டிக் ரோஜா.

"எம்டன் குண்டு சார். எங்க தாத்தா மெட்ராஸ்ல இருந்து கொண்டாந்தாரு."

தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவராம். ரோஜாவை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். '25 பி.ஆர்.' என்று ஆங்கிலத்தில் ஒரு முத்திரை. பக்கத்தில் அம்புக்குறி. அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துக்கான அடையாளம். கொஞ்சம் தள்ளி 1943.

எம்டன் கதையின் ஓட்டை இங்கேதான். பீரங்கியில் இருந்து பறந்துபோய் வெடிப்பது எஃகுக் குண்டு. மருந்தைச் சுமந்த பித்தளை உறை எங்கேயும் பறக்காது. பீரங்கியின் காலடியிலேயே விழும். எம்டனின் உறைகள் அந்தக் கப்பல் தளத்தில்தான் உருண்டிருக்கும். மெட்ராஸில் விழுந்தது எஃகு. கோட்டை மியூசியத்தில் இருக்கும் துண்டும் அந்தக் குண்டுடையதுதான். 'மெட்ராஸில் பொறுக்கிய எம்டன் பித்தளை' என்று யாராவது விலை சொன்னால், ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடலாம். ஸ்கேல் இருந்தால் இன்னும் சுலபம். எம்டனின் பீரங்கி வாய் 105 மி.மீ. சின்னமனூர்க் குவளையின் வாய் 88 மி.மீ. சொச்சம்.

'25 பி.ஆர்.' என்றால் 25 பவுண்டர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் பர்மா காட்டிலும் இந்தியப் பட்டாளம் இழுத்துக்கொண்டு அலைந்த பீரங்கி. இதில் குண்டை முதலில் தள்ளி, உறையைத் தனியாகச் செருக வேண்டும். உறைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மருந்துப் பைகள். கிட்டத்தில் சுட வேண்டுமானால் நீலத்தை எடுத்துவிடுவார்கள்; இன்னும் கிட்டத்தில் என்றால் வெள்ளையையும். சுட்ட உறைகளைச் சேகரித்து, மறுபடி மருந்து நிரப்பப் பின்னால் அனுப்புவதும் உண்டு.

தாத்தா நின்ற யுத்தத்தை இத்தனை விவரமாகச் சொல்லக்கூடிய பொருளுக்கு, அவர் பிறந்தாரோ பிறக்கவில்லையோ என்ற காலத்து ஜெர்மன் கப்பலைப் பேரன் ஒட்டவைத்திருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஆள் பீரங்கிப் புகையில் நின்றுவிட்டு உயிரோடு திரும்பியது போதாதா? எம்டன் வேறு வேண்டுமா? இரவல் பெருமை என்றால் நமக்கு அப்படி ஒரு பசி.

இன்னொரு எதிரி, புளி. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்க்கிறோம். தொழிற்சாலைக் குறி, லாட் நம்பர், வருடம் எல்லாம் மழுங்கிப் போகின்றன. விவரம் தெரிந்த கலெக்டர் (மாவட்ட கலெக்டர் இல்லை, சேகரிப்பவர்) பளபளப்பைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். எழுத்து போய்விட்டால் அது வெறும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பி.காம். புத்தியோடு சொல்கிறேன்: பழைய பாத்திரக்காரர் தராசில் ஏறிய நிமிடம் அது முடிந்துபோன கணக்கு.

வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. நூறு வருடம் தாண்டிய உறை 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம், வெடிபொருளின் பாகங்களையும் 'அம்யூனிஷன்' என்றே சொல்கிறது. விலை பேசுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

உறையின் அடியில், நடுவில் ஒரு கேப் இருக்கும். அதில் ஊசி குத்திய பள்ளம் இல்லையா, அல்லது வாயில் குண்டு இன்னும் மாட்டியிருக்கிறதா? தொடாதீர்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். 2004 செப்டம்பரில் காஸியாபாத் பக்கம் ஒரு உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பாக வந்த ராணுவக் குண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அதையும் எடைக்குத்தான் வாங்கியிருந்தார்கள்.