மொறுமொறுப்பும் உறையும்

எண்ணெயில் பொரித்த முறுக்கும் காராச்சேவும் இரண்டு வழிகளில் கெடுகின்றன. ஒன்று ஈரம், மற்றொன்று காற்றிலுள்ள ஆக்சிஜன். நன்றாக வெந்த பண்டத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு நீரே மிஞ்சும். அந்த வறட்சிதான் மொறுமொறுப்பு. காற்றிலிருந்து இன்னும் சில பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டால் பண்டம் நமுத்துவிடும். நமுத்ததை வாணலியில் லேசாகச் சூடாக்கி ஓரளவு மீட்கலாம். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை பிடித்துவிட்டால் மீட்க வழியில்லை. வெக்கையும் வெளிச்சமும் இந்த இரண்டாவது கேட்டை விரைவுபடுத்தும்.

மதுரை மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள எழுமலையில் இரண்டு கேடுகளுக்கும் பருவம் உண்டு. சித்திரை, வைகாசியில் இவ்வட்டாரத்து வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது எண்ணெய் விரைவில் சிக்குப் பிடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே முறுக்கு ஒரே நாளில் நமுக்கிறது. உறையின் தரத்தை இந்த இரு பருவங்களையும் வைத்தே எடைபோட வேண்டும்.

பழைய கடைகளின் தகர டின் இன்றும் மதிக்கத்தக்கது. தகரம் ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம் மூன்றையும் விடாது. ஆனால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் புதுக்காற்று புகுவதால், அடியில் கிடக்கும் பண்டம் கடைசிவரை அடிபடுகிறது. விற்பனை வேகமாக இருந்தால்தான் டின் பயன்படும். செய்தித்தாள் பொட்டலத்துக்கு அந்தத் தகுதியும் கிடையாது. அது எண்ணெயை உறிஞ்சும், அச்சு மையைப் பண்டத்தில் ஏற்றும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிகள், செய்தித்தாளில் உணவை மடிப்பதைத் தடுத்தது முற்றிலும் நியாயமே.

அடுத்து வந்தது வாயைச் சூட்டில் ஒட்டிய பாலித்தீன் கவர். இதைப் பற்றிய தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. கவருக்குள் முறுக்கு வாரக்கணக்கில் நொறுங்கும் பதத்திலேயே இருக்க, எண்ணெய் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். கடித்ததும் சத்தம் வந்தால் பண்டம் புதிது என்று முடிவுசெய்பவர் ஏமாறுவது இங்கேதான். ஒட்டிய வாயும் பலவீனமான இடம். அங்கே ஒரு சேவுத் துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ சிக்கினால் ஒட்டு சரியாகப் பிடிக்காது, ஈரமும் உள்ளே வரும்.

இந்தக் குறைகளைத் தீர்த்தது பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் பளபளப்பான பாக்கெட். வெளியே அச்சிட்ட பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர், உள்ளே சூட்டில் ஒட்டும் பாலித்தீன். இடையில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அலுமினியப் பூச்சு ஆக்சிஜனையும் வெளிச்சத்தையும் பெருமளவு தடுக்கிறது. உள்ளே நிரப்பும் நைட்ரஜன், காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜனைச் சில சதவீதமாகக் குறைக்கிறது. சிப்ஸ் நொறுங்காமலும் காக்கிறது. காற்றை விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. உப்பிய பாக்கெட் அதிகம் இருப்பதுபோல் காட்டுகிறது என்றாலும், அந்த வாயு இல்லாமல் மாதக்கணக்கில் சுவை நிற்காது.

இந்த உறையின் வலிமைக்குக் காரணமான அதே சேர்க்கைதான் அதன் பெருங்குறை. ஒட்டிய அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். எடையும் இல்லாததால் காயலான் கடையில் விலை போகாது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில், உள்ளிருக்கும் பண்டத்தின் அளவுக்கு உறை மிக அதிகம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடை முதலில் ஆலையில் அடைத்த பாக்கெட்டுகளுக்கு விலக்கு அளித்தது. 2020இல் அவ்விலக்கு நீக்கப்பட்டும் சரங்கள் கடைகளில் குறைந்ததாகத் தெரியவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கண்ட தார்ச்சாலை முறையில், அலுமினியம் பூசிய உறைகளையும் துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசலாம். அருமையான வழி, ஆனால் உறைகளைத் திரட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். கிராமத்துக் கடைவாசலில் கிழித்தெறியப்படுபவை கண்மாய்க்கே போய்ச் சேருகின்றன.

ஆகவே உறையைத் தூரத்துக்கும் நாளுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுப்பதே சரி. உசிலம்பட்டியில் பொரித்து எழுமலையில் ஒரு வாரத்துக்குள் விற்றுத் தீரும் சேவுக்கு அலுமினிய அடுக்கு வீண். மறுசுழற்சிக்கு உதவும், ஒரே பொருளாலான தடித்த பாலிப்ரொப்பிலீன் கவரோ நல்ல டின்னோ அதற்குப் போதும். சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகும் பண்டத்துக்குத்தான் அடுக்கு உறையும் நைட்ரஜனும் தேவை.

எந்த உறையும் பண்டத்தின் பிறவிக் குறையைத் திருத்தாது. சூடு ஆறுமுன் அடைத்தால் பண்டத்தின் ஆவியே உள்ளே நீராகி நமுக்க வைக்கும். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் உள்ளது. அந்த எல்லையை நெருங்கிய எண்ணெயில் வெந்த முறுக்கு, எவ்வளவு விலையுயர்ந்த உறைக்குள் இருந்தாலும் நெடுநாள் தாங்காது.